ஏ.என். 58: அம்மப்பா வீட்டுப் படத்தைக் கீறினது ஆர்?

நீங்கள் எழுதினதை நான் விளங்கிக்கொண்டது இப்பிடி. திருகோணமலையில அம்மப்பாட வீட்டை விக்கப்போறீங்கள், அதுக்காகக் கனடாவில இருந்து வந்து சாமான் ஒதுக்கேக்க ஹோலில தொங்கின ஒரு வோட்டர்கலர் படம் கண்ணில பட்டிருக்கு, கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையும் கடலும், வலது பக்கக் கீழ் மூலையில இங்கிலிஸில ஏ.என். எண்டு ரெண்டு எழுத்து, பக்கத்தில 58. நெட்டில தேடினதில சிலோனுக்கு வந்த ஆண்ட்ரூ நிக்கல் எண்ட ஐரிஷ் ஓவியர்ட பேர் அகப்பட்டிருக்கு, எழுத்தும் ஒத்துவருது, அதால இது 1858ல அவர் கீறினதா எண்டு கேக்கிறீங்கள். அந்தக் கேள்விக்குள்ள இன்னொண்டும் கிடக்கு, அவர் இல்லாட்டி, பேரே தெரியாத ஒரு ஆள்ட சீவியத்தை எந்த நுனியில பிடிச்சுத் தேடுறது எண்டு. முதல் கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்லலாம், அவர் இல்ல. ரெண்டாவதுக்குத்தான் கொஞ்சம் நீளமா எழுதப்போறன், தேத்தண்ணியை எடுத்து வச்சிட்டு வாசியுங்கோ.

என்னைப் பற்றி ரெண்டு வசனம், ஏனெண்டா நான் சொல்லுறதை எவ்வளவு தூரம் நம்பலாம் எண்டு நீங்கள்தான் முடிவெடுக்க வேணும். 31 வருசம் சித்திரம் படிப்பிச்சனான், பென்சன் எடுத்த பிறகு வீட்டு விறாந்தையில பிரேம் அடிக்கிறதும் பழைய படங்களைத் துப்புரவாக்கிக் குடுக்கிறதும் வேலை. மியூசியத்தில இருந்த ஆள் இல்ல, லாப் கீப் ஒண்டும் என்னட்ட இல்ல. உங்கட மூண்டு போட்டோவையும் கொம்பியூட்டரில பெருப்பிச்சுப் பாத்தனான், அவ்வளவுதான். படத்தைக் கையில எடுத்துப் பாக்காமல் சொல்லுறதில ஒரு பகுதி ஊகமாத்தான் இருக்கும், எது ஊகம் எண்டு அந்தந்த இடத்தில சொல்லுறன்.

நிக்கல்ட கதையை முதல்ல பாப்பம், ஏனெண்டா ஒரு பிரதேசத்து ஓவியர்ட சீவியம் எப்பிடிப் பதிவாகுது எண்டதுக்கு அவர் நல்ல உதாரணம். 1804ல பெல்பாஸ்டில பிறந்தவர், சின்ன வயசில ஃபின்லே எண்ட அச்சுக்காரரிட்ட வேலை பழகினவர், தானாவே கீறப் பழகி வட அயர்லாந்துப் பக்கத்து அன்ட்ரிம் கடற்கரையைத் திரும்பத் திரும்பக் கீறினவர். அவர்ட ஒரு பழக்கம் என்னெண்டா கடலுக்கு முன்னால, படத்தின்ர அடியில, காட்டுப் பூக்களைக் கிட்டக் காட்டுவார், பொப்பியும் புல்லும் பெரிசா நிக்கும், அதுக்குள்ளால எட்டிப் பாக்கிற மாதிரித் தூரத்தில கரை தெரியும். அந்த ஒரு பழக்கத்தை வச்சே கையெழுத்தில்லாத படத்தையும் இது நிக்கலாத்தான் இருக்கவேணும் எண்டு சொல்லக்கூடிய ஆக்கள் இருக்கினம். பெல்பாஸ்டின்ர எம்.பி.யா இருந்த எமர்சன் டெனென்ட் சிலோனுக்குக் கொலோனியல் செக்ரட்டரியா வர, அவர்ட ஆதரவில நிக்கல் 1846ல கொழும்பு அக்கடமிக்கு, இப்பத்தைய றோயல் கொலிஜுக்கு, சித்திரம் படிப்பிக்க வந்தார். இங்கத்தைய காடுகளில அஞ்சு கிழமை கீறித் திரிஞ்சதைப் பற்றி அவர் எழுதின கட்டுரை 1852ல டப்ளினில ஒரு சஞ்சிகையில வந்தது, 1859ல வந்த டெனென்ட்ட சிலோன் புத்தகத்திலயும் அவர்ட படங்கள் இருக்கு. 1860ல அயர்லாந்து ஓவியர்மார்ட சங்கமான றோயல் ஹைபேர்னியன் அக்கடமி அவரை முழு அங்கத்தவரா எடுத்தது, 1886ல லண்டனில செத்தார். பாத்தீங்களோ, அச்சுக்கூடம், ஆதரவு தந்த பெரிய மனுசன், படிப்பிச்ச பள்ளிக்கூடம், கண்காட்சி, சஞ்சிகை எண்டு ஒவ்வொரு இடத்திலயும் ஒரு தடயம் விழுந்திருக்கு. எங்கட ஊரில கீறின ஆக்களுக்கும் தடயம் இருக்கு, ஆனா வேற வேற இடங்களில. அதைப் பிறகு சொல்லுறன்.

1858ல நிக்கல் சிலோனை விட்டுப் போய்க் கன வருசம். அதை மட்டும் வச்சு அவரைத் தள்ள ஏலாது, ஓவியர்மார் பழைய ஸ்கெட்சைப் பாத்து பத்து வருசம் கழிச்சும் பெரிய படம் கீறுவினம். நான் அவரைத் தள்ளினது வேற காரணத்தால. உங்கட ரெண்டாவது போட்டோவைப் பெருப்பிச்சு, இடது பக்கம், மணலுக்கு மேல போற பாதையைப் பாருங்கோ. ஒரு அரிசி நீளத்துக்கு ஒரு ஆள், வெள்ளைச் சேர்ட், சாரம். கையில பிடிச்சிருக்கிறதை நீங்கள் ஆட்டுக்குட்டி எண்டு நினைச்சிருப்பீங்கள், நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சன். அது சைக்கிள். தூரிகை நுனியால ரெண்டு வளையம், ரெண்டும் ஒரே அளவு, நடுவில ஒரு சரிஞ்ச கோடு, ஆள் ஹாண்டிலைப் பிடிச்சு உருட்டிக்கொண்டு போறார். ரெண்டு சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவான, சங்கிலி வச்ச சைக்கிள் இங்கிலாந்திலயே 1885லதான் சந்தைக்கு வந்தது. அதோட 1858 கதை முடிஞ்சுது. இது எனக்கு நிச்சயம்.

58 எண்டது 1958 எண்டதும் கிட்டத்தட்டச் சரி, ஆனா நிச்சயம் எண்ட சொல்லைப் பாவிக்க மாட்டன். மலை உச்சியைப் பாத்தா ஒற்றைத் தூண் ஒண்டும் ரெண்டு மரமும்தான் நிக்குது, கோயில் இல்ல. பழைய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் 1620களில இடிச்சுப்போட்டாங்கள், 1950ல கிணறு வெட்டேக்க விக்கிரகங்கள் வெளிப்பட்டு, இப்ப இருக்கிற கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963ல. அப்ப 1958ல கோயில் இல்லாமல் கீறினது பொருந்துது. அந்தத் தூண் 1687 எண்டு வெட்டின ஒல்லாந்தர் காலத்துத் தூணா இருக்கும். ஆனா ஓவியருக்கு வேண்டாத சாமானை விட்டுட்டுக் கீற அனுமதி தேவையில்ல, நானே லைற் போஸ்டையும் வயரையும் எத்தினை தரம் விட்டிருக்கிறன். அதோட 58 எண்டது 58ம் படம் எண்டும் இருக்கலாம். இருந்தும் மலையும் 58ம் ஒரே பக்கம் காட்டுதுகள், இப்போதைக்கு அது காணும்.

இனி என்ர ஒரு பிழையைச் சொல்லுறன், அதைச் சொன்னாத்தான் நான் ஏன் கையெழுத்தைக் கடைசியாப் பாக்கச் சொல்லுறன் எண்டு விளங்கும். கன வருசத்துக்கு முந்தி ஊரில ஒரு வீட்டில உள்துறைமுகத்தைக் கீறின படம் ஒண்டு காட்டினவை. கடல், குன்று, பாய்க்கப்பல், மூலையில இங்கிலிஸ் எழுத்து. பாத்த உடன நான் பெரிய மேதாவி மாதிரி இது ஒரு வெள்ளைக்காரக் கடற்படை ஒஃபிசர் கீறினது எண்டு சொல்லிப்போட்டன். அதுக்கு என்னட்ட நியாயமும் இருந்தது, கமரா இல்லாத காலத்தில ஒஃபிசர்மார் கரையைப் பாத்தா அதின்ர தோற்றத்தை நீட்டுக்குக் கீறி வைக்கோணும், அப்பத்தான் அடுத்த கப்பல்காரன் அடையாளம் பிடிப்பான், போர்ட்ஸ்மத் நேவல் கொலிஜில ஜோன் கிறிஸ்டியன் ஷெட்கி எண்ட ஓவியர் 1811ல இருந்து 1836 வரை இதைத்தான் படிப்பிச்சவர். அந்த வீட்டுக்காரரும் வந்து போற ஆக்களுக்கெல்லாம் வெள்ளைக்காரன் கீறினது எண்டு பெருமையாச் சொல்லிக்கொண்டிருந்தவை. பிறகு ஒருநாள் பிரேமில கறையான் பிடிச்சு என்னட்டக் கொண்டுவந்தவை. பின் மட்டையைக் கழட்டி, மவுண்டை, அதாவது படத்தைச் சுத்தி வைக்கிற மட்டையைத் தூக்கினா, மவுண்டுக்குக் கீழ மறைஞ்சு கிடந்த ஒரு விரல் அகல ஓரத்தில வெயில் படாத நிறம் நேற்றுப் பூசின மாதிரி, அவ்வளவு நீலம். அந்த ஓரத்தில பென்சிலால, சின்ன எழுத்தில, தமிழில, "மேகத்துக்குக் கொஞ்சம் ஊதா" எண்டு எழுதிக் கிடந்தது. தனக்குத்தானே எழுதி வச்ச குறிப்பு. நான் அப்பிடியே கதிரையில இருந்திட்டன். பாய்க்கப்பல் அந்த ஆள்ட ஆசைக்குக் கீறினது போல, அல்லது ஒரு போஸ்ட்கார்டைப் பாத்துக் கீறினதாவும் இருக்கும்.

அதால உங்கட படத்தை முதல்ல பின்பக்கமாத் திருப்புங்கோ. திருப்பி, ஒண்டையும் கழட்டாமல், நல்ல வெளிச்சத்தில போட்டோ எடுங்கோ, ஆணி அடிச்ச விதம், ஒட்டின பேப்பர், கடை லேபல் எல்லாம் விழவேணும். லேபலில சிலோன் எண்டு இருந்தா 1972 மே மாசத்துக்கு முந்தி அச்சடிச்சது எண்டு நினைக்கலாம், ஆனா மிச்சமிருந்த பழைய லேபலை நாலஞ்சு வருசம் ஒட்டின கடைக்காரரும் இருந்திருப்பினம். உள்ளுக்குப் பத்திரிகை வச்சு அடைச்சிருந்தா திகதி கிடைக்கும், வீரகேசரி 1930ல தொடங்கினது, தினகரன் 1932ல. அந்தத் திகதி பிரேம் அடிச்ச காலத்தைச் சொல்லும், படம் கீறின காலத்தைச் சொல்லாது, இதில கனபேர் வழுக்கி விழுறவை. பிறகு நோட்டுப் பாக்கிற ஊதா லைற் டோர்ச் ஒண்டு வாங்குங்கோ, இப்ப சின்னக் காசுக்கு வருது, இருட்டு அறையில படத்தின்ர ஓரத்தில அடிச்சுப் பாருங்கோ. பேப்பர் பளிச்செண்டு நீலவெள்ளையா ஒளிர்ந்தா அது கிட்டத்தட்ட 1950க்குப் பிறகு செய்த பேப்பர், அதுக்கு முந்தி பேப்பருக்கு அந்த வெள்ளையாக்கிற மருந்து போடுறேல்ல. ஒளிராட்டி ஒண்டுமே நிரூபணமாகாது, நல்ல சித்திரப் பேப்பர் கனக்கதுக்கு இப்பவும் அந்த மருந்து போடுறேல்ல. லைற்றுக்கு முன்னால பிடிச்சுப் பாத்தா நீர்க்குறி தெரிஞ்சாலும் தெரியும், வட்மன் எண்ட பேப்பர் கம்பனிப் பேரும் சில வேளை வருசமும் இருக்கும், அந்த வருசத்துக்கு முந்திக் கீறியிருக்க ஏலாது, பிந்தி எவ்வளவு காலமும் ஆகலாம்.

இப்ப கையெழுத்துக்கு வாறன். உங்கட மூண்டாவது போட்டோ நல்ல கூர்மை, அதுக்கு நன்றி. ஏ.என். எண்ட எழுத்துக்கு மேலயும் கீழயும் ரெண்டு மெல்லிய பென்சில் கோடு தெரியுது, ரூலர் வச்சு இழுத்தது. எழுத்து அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவில சரியாக் குந்தியிருக்கு, மேலயும் முட்டுது கீழயும் முட்டுது. என்னை மாதிரிச் சித்திர வாத்திமார் இப்பிடிக் கையெழுத்து வைக்கிறேல்ல, நாங்கள் சும்மா இழுத்து விடுவம். கோடு போட்டு எழுத்தை அதுக்குள்ள நிறுத்துறது படவரைஞர்ட கை, டிராப்ஸ்மன் எண்டு சொல்லுறது. திருகோணமலையில அந்தக் காலத்தில டிராப்ஸ்மன் எண்டா முதல்ல நினைவுக்கு வாறது டொக்யார்ட், கடற்படை கப்பல் திருத்துற இடம். பிரிட்டிஷ் கடற்படை 1957ல தளத்தைச் சிலோனிட்டக் குடுத்திட்டுப் போனது, அதோட டொக்யார்டை நம்பி இருந்த கனபேருக்கு வேலை மாறினது, சிலருக்கு இல்லாமல் போனது. 58ல ஒரு முன்னாள் டொக்யார்ட் டிராப்ஸ்மன் பின்னேரங்களில குந்தியிருந்து கடலைக் கீறினார் எண்டு நினைக்க எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா இது முழுக்க என்ர ஊகம், ரெண்டு பென்சில் கோட்டில கட்டின வீடு. றோட்டு, கட்டிடம் பாக்கிற பி.டபிள்யூ.டி.யிலயும் சேர்வேயர் கந்தோரிலயும் அதே மாதிரிக் கோடு போட்டவை இருந்தவை.

எழுத்தைப் பற்றி இன்னொண்டு. நிக்கலைத் தேடேக்க நீங்கள் 'என்' எண்ட எழுத்தைக் குடும்பப் பேரா எடுத்தீங்கள். எங்கட வழக்கத்தில முன்னெழுத்து தகப்பன்ட பேர், பின்னுக்கு வாறது தன்ர பேர், அப்ப இவர் ஒரு நடராசாவோ நாகலிங்கமோ நல்லதம்பியோ. முஸ்லிம் ஆளெண்டா ஏ.என். ரெண்டும் அவர்ட பேருக்குள்ளயே இருக்கலாம், சிங்கள ஆளெண்டா ஏ எண்டது கே-பேரா, அதாவது பேருக்கு முன்னால வாற குடும்பப் பேரா இருக்கலாம். எங்கட ஊரில மூண்டுக்கும் இடமிருக்கு. பெயர்ப்பட்டியலில தேடேக்க ஏ, என் ரெண்டுக்குக் கீழயும் பாக்காட்டி ஆள் கையால நழுவிப் போயிடுவார்.

நேற்றுப் பின்னேரம் உங்கட படத்தை ஒரு பிறின்ற் எடுத்துக்கொண்டு டச்சுக்குடாப் பக்கம் போனனான். வேற வேலை இல்லாத மனுசன், மனுசிக்கும் நான் வீட்டில இல்லாட்டி நிம்மதி. கடலும் வானமும் முட்டுற கோடு எப்பவும் பாக்கிறவன்ர கண் உயரத்திலதான் நிக்கும், இது சித்திரத்தில முதல் பாடம். மணலில நிண்டு பாத்தா அந்தக் கோடு கரையில நடக்கிற ஆக்கள்ட தலைமட்டத்தில வரும். உங்கட படத்தில அது வள்ளக்காரர்ட தலைக்கு மேலால, பாதி மரம் உயரத்தில போகுது. அப்ப கீறின ஆள் மணலில குந்தியிருக்கேல்ல, ஒரு மேல்மாடி அளவு உயரத்தில இருந்திருக்கிறார். கோட்டை மதில் முடியிற இடமும் மலைச்சரிவு கடலுக்கு இறங்குற இடமும் படத்தில ஒண்டுக்குப் பின்னால ஒண்டு எப்பிடி நிக்குதோ, அதே மாதிரி வரும்வரைக்கும் கரையோரமா முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தன், மான் ரெண்டு மூண்டு என்னை விசரன் மாதிரிப் பாத்துக்கொண்டு நிண்டுதுகள். ஒத்துவந்த இடத்தில பின்னால திரும்பிப் பாத்தா றோட்டுக்கு அங்கால பழைய மாடி வீட்டு வரிசை. நிழலும் ஊர்ப் பக்கத்தில இருந்து கடலுக்கு விழுது, காலமை வெயில் கடலால வாற ஊரில அது பின்னேர வெளிச்சம். கடல் கண்ணாடி மாதிரி, புல் காஞ்சு மஞ்சள், அப்ப வாடைக் காத்துக் காலம் இல்ல, மே தொடக்கம் செப்டம்பர் வரையில ஒரு மாசம் எண்டு சொல்லுவன். ஒரு மேல்மாடி, கோடை, பின்னேரம், இவ்வளவும் அவர்ட பேர் தெரியாமலே அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

ஆளைப் பிடிக்க வேணுமெண்டா ரெண்டாவது படம் வேணும். ஒரு படத்தை வச்சு ஒரு ஓவியரைக் கட்ட ஏலாது, அவர்ட பழக்கம் எது, அண்டைக்குத் தற்செயலா வந்தது எது எண்டு பிரிக்க ஏலாது. உங்கட படத்தில நான் கண்ட பழக்கம் ரெண்டு. அலை நுரைக்கு வெள்ளை பூசேல்ல, பேப்பரை அப்பிடியே விட்டிருக்கிறார், அதுக்கு நல்ல நிதானம் வேணும். மற்றது தென்னை ஓலை, ஒவ்வொண்டும் வெளியில இருந்து நடுவுக்கு இழுத்த கோடு, கன ஆக்கள் நடுவில இருந்து வெளியிலதான் இழுக்கிறவை. இந்த ரெண்டையும் மனசில வச்சுக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளில பாருங்கோ, லண்டனில, சென்னையில, உங்கட ரொறன்ரோவில, ஏனெண்டா 83 கலவரத்துக்கும் 90 சண்டைக்கும் பிறகு வீட்டோட போனது பாதி, பெட்டிக்குள்ள வெளிநாட்டுக்குப் போனது மீதி. சுவரில தொங்குறதை மட்டும் பாக்காதேங்கோ. முந்தி ஸ்டூடியோக்களில பின்னால தொங்குற சீன் கையால கீறினது, கலியாணப் போட்டோவில மாப்பிளை பொம்பிளைக்குப் பின்னால மாடப்படியும் கடலும் இருக்குமே, அது. நாடகச் சீன், பள்ளிக்கூட மலர் அட்டை, கோயில் மலர் அட்டை எல்லாம் இந்த மாதிரி ஆக்கள்தான் செய்து குடுத்தவை. பள்ளிக்கூட மலரும் பழைய சஞ்சிகையும் கனக்க நூலகம் நிறுவனத்தின்ர இணையத்தில ஸ்கான் பண்ணிக் கிடக்கு, வீட்டில இருந்தே பாக்கலாம். அட்டைப்படம் ஆர் எண்டு உள்பக்கத்தில சின்ன எழுத்தில போட்டிருப்பினம்.

பேர் ஒண்டு அகப்பட்டா உடன தேட வேண்டியது கல்வெட்டு. கல்லில வெட்டினதைச் சொல்லேல்ல, செத்த ஆளுக்குச் செய்யிற அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கிற சின்னப் புத்தகம். முன்னுக்குத் தேவாரம், நடுவில பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம், பாத்த வேலை, கடைசியில வம்சாவளி. ஐரிஷ்காரனுக்கு அக்கடமிப் பதிவு எண்டா எங்கட ஆளுக்கு அதுதான் பதிவு, ஆனா அதில குறை ஒண்டு இருக்கு, செத்த ஆளைப் பற்றி நல்லதைத்தான் எழுதுவினம், உத்தியோகம் பெரிசா வரும், படம் கீறினது ஒரு வசனமும் வராமல் போகலாம். வேதக்காரர் எண்டா கோயில் ஞானஸ்நானப் பதிவைக் கேட்டுப் பாக்கலாம். உங்கட அம்மாவிட்டயும் பெரியம்மாவிட்டயும் படத்தைக் காட்டி இது ஆர் கீறினது எண்டு கேக்காதேங்கோ, தெரியாது எண்டுதான் வரும். அந்த வீட்டுக்குப் பின்னேரத்தில ஆர் ஆர் வந்து போனவை, அம்மப்பாவோட வேலை செய்தது ஆர், ஆற்ற வீட்டில மேல்மாடி இருந்தது எண்டு கேளுங்கோ.

விலை கேட்டிருந்தீங்கள், பெரிசா ஒண்டும் வராது, வித்துப்போடாதேங்கோ. லமினேட் பண்ணாதேங்கோ, தேமல் மாதிரி இருக்கிற மண்ணிறப் புள்ளியை ஈரத் துணியால தேய்க்காதேங்கோ, நிறம்தான் கழண்டு வரும். புத்தகத்தில போட நினைச்சா ஒண்டைக் கவனியுங்கோ, இலங்கைச் சட்டத்தில கீறின ஆள் செத்து 70 வருசம் வரைக்கும் உரிமை அவர்ட குடும்பத்துக்கு, படம் உங்கட சுவரில தொங்கினாலும்.

பின் மட்டைப் போட்டோவை அனுப்புங்கோ, ஆனா நீங்களாக் கழட்ட வேண்டாம், ஊரில நிக்கிற நாளிலேயே என்னட்டக் கொண்டாங்கோ. மவுண்டுக்குக் கீழ மறைஞ்சு கிடக்கிற ஓரத்தை நான் ஒருக்காப் பாக்க வேணும்.